பேரலைத் திருகித் திருகி ஒரு மாசம்

ஜூலை மாசம் முழுக்க என் ரோடு பைக்கின் பின்பக்கம் சும்மாவே இல்லை. மிதித்தால் கரகர, கியர் மாற்றினால் கடக், சில நேரம் மாற்றாமலே கடக். செங்கோட்டையிலிருந்து புளியரை வரை வயலும் தென்னையுமாகச் சமதளம், அதுவரை எப்படியோ ஓட்டிவிடலாம். அதற்கப்புறம் மலை ஏறத் தொடங்கும்போதுதான் வண்டியின் குணம் தெரியும். எஸ் வளைவில் பின்னால் ஒரு லாரி முனகிக்கொண்டு வர, நான் எழுந்து நின்று மிதிக்க, செயின் ஒரு பல் சறுக்கி முழங்கால் ஹேண்டில்பாரில் இடித்தது. அன்றைக்குக் கோட்டைவாசல் வரைகூடப் போகாமல் திரும்பிவிட்டேன்.

கியர் சத்தம் போட்டால் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் பின் டீரெய்லருக்குள் கேபிள் நுழையும் இடத்தில் ஒரு சின்னத் திருகு உருளை இருக்குமே, பேரல் அட்ஜஸ்டர், அதைத் திருகினேன். வெளியே வருகிற மாதிரி திருகினால் கேபிள் இறுகும், பெரிய பல்சக்கரத்துக்கு ஏறுவது சுலபமாகும். உள்ளே திருகினால் தளரும், சின்னதுக்கு இறங்குவது சுலபமாகும். சரி, அரைச் சுற்று இறுக்கினேன், ஏறியது, ஆனால் இறங்கவில்லை. கால் சுற்று தளர்த்தினேன், இறங்கியது, இப்போது ஏறவில்லை. இப்படி ஒரு மாசம். வாசலில் சைக்கிளைத் தலைகீழாகப் போட்டு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து அம்மா, “கடை போட்டிருக்கியா?” என்று கேட்டாள்.

அந்த ஒரு மாசத்தை நான் வீணடித்திருக்க வேண்டியதில்லை. ஒரு பக்கம் சரியானால் மறுபக்கம் கெடுகிறது என்றாலே கோளாறு கேபிளின் இறுக்கத்தில் இல்லை, வேறெங்கோ இருக்கிறது என்று அர்த்தம். பெரிய பல்லுக்கு ஏற்றுவது நம் விரல், அது கேபிளை இழுத்துக் காரியத்தை முடித்துவிடும். சின்னப் பல்லுக்கு இறக்குவது டீரெய்லரில் இருக்கும் ஸ்பிரிங், அதற்கு அவ்வளவு பலம் கிடையாது. கேபிள் வழியில் எங்கேயாவது இறுக்கிப் பிடித்தால் விரல் ஜெயித்துவிடும், ஸ்பிரிங் தோற்றுப்போகும். என் வண்டியில் இறங்குவதுதான் தாமதம். ஒரு தட்டு தட்டினால் ஒன்றும் நடக்காது, இரண்டு மிதி கழித்து அதுவாக இறங்கும், நாம் மறந்திருக்கும் நேரமாகப் பார்த்து.

ஆனால் அது மட்டுமென்றால் சீக்கிரம் பிடித்திருப்பேன். கடைசிப் பெரிய பல்லில் வைத்து ஏறும்போது இன்னொரு சத்தம் வந்தது, டிக் டிக் டிக் என்று, சக்கரத்தின் வேகத்தோடு கூடவே. குனிந்து பார்த்தால் டீரெய்லரில் செயின் ஓடும் கூண்டு சக்கரக் கம்பிகளை உரசிக்கொண்டிருக்கிறது! இன்னும் ஒரு நூல் உள்ளே போயிருந்தால் கம்பிக்குள் மாட்டிக் கூண்டு, கம்பி, டீரெய்லர் தொங்கும் ஹேங்கர் மூன்றும் சேர்ந்து போயிருக்கும். அதுவும் ஏற்றத்தில், லாரிக்கு முன்னால்.

அப்போதுதான் லோடு ஆட்டோ ஞாபகம் வந்தது. ஜூன் மாதம் தென்மலை வரை போயிருந்தபோது இரண்டு முறை பஞ்சர், கையில் இருந்ததோ ஒரே ட்யூப். நேந்திரங்காய்த் தார் ஏற்றிக்கொண்டு செங்கோட்டைக்கு வந்த ஓர் ஆட்டோக்காரர் நிறுத்தி, “கொழப்பமில்ல சாரே, கேறிக்கோ” என்று ஏற்றிக்கொண்டார். நல்ல மனுஷன், காசு வாங்கவே இல்லை. சைக்கிளைப் படுக்கப் போட்டதும் நான்தான், கியர் பக்கம் கீழே இருக்கும்படி போட்டதும் நான்தான். மலை இறங்கி வரும் வரை அதன்மேல் இரண்டு தார் கிடந்தது.

டீரெய்லரைப் பிரேமோடு சேர்க்கும் சின்ன அலுமினியத் துண்டுதான் ஹேங்கர். அடிபட்டால் பிரேம் தப்பட்டும், தான் வளையலாம் என்றே அதை மெத்தென்று செய்கிறார்கள். கொஞ்சம் வளைந்தால் கண்ணுக்குத் தெரியாது. பின்னால் நின்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தேன், நேராகத்தான் தெரிந்தது. அதைச் சோதிக்கத் தனிக் கருவி உண்டு, இந்தப் பக்கம் யாரிடமும் இல்லை. ஆனால் ஒரு குறுக்கு வழி இருக்கிறது. ஹேங்கரின் துளை 10 மி.மீ. மரை, ரோடு பைக்கின் பழைய பின்சக்கர ஆக்ஸிலும் பெரும்பாலும் அதே மரை. பரணில் ஒரு பழைய சக்கரம் கிடந்தது. 5 மி.மீ. ஆலன் கீயால் டீரெய்லரைக் கழற்றிவிட்டு, அந்தச் சக்கரத்தின் ஆக்ஸில் முனையை ஹேங்கரில் திருகினேன். இப்போது வண்டிக்குப் பின்னால் இரண்டு சக்கரம் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஹேங்கர் நேராக இருந்தால் இரண்டும் இணையாக நிற்க வேண்டும். இரண்டிலும் வால்வு இருக்கும் இடத்தை மேலே கொண்டுவந்து ரிம்முக்கும் ரிம்முக்கும் இடையே ஸ்கேல் வைத்தேன், 118 மி.மீ. அதே வால்வுகளைக் கீழே சுற்றி வைத்தேன், 104. (பழைய சக்கரம் கோணியிருந்தாலும் அளவு தப்பாமல் இருக்கத்தான் வால்வை அடையாளம் வைப்பது.) நாலு மி.மீ. வித்தியாசம் வரை பொறுக்கலாம் என்பார்கள், எனக்குப் பதினாலு. மாட்டியிருந்த சக்கரத்தையே நெம்புகோலாகப் பிடித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வெளியே இழுத்தேன். அளந்தேன், இழுத்தேன், அளந்தேன். மூன்று மி.மீ.க்கு வந்ததும் கையெடுத்துக் கும்பிட்டு நிறுத்திவிட்டேன். அலுமினியம் திரும்பத் திரும்ப வளைக்க இடம் கொடுக்காது.

டிக் டிக் போய்விட்டது. கூண்டு உரசியதும், டீரெய்லர் எவ்வளவு உள்ளே போகலாம் என்று எல்லை கட்டும் எல் (L) திருகை முடுக்கி நிறுத்தலாம் என்றுதான் முதலில் நினைத்தேன், நல்லவேளை செய்யவில்லை. செய்திருந்தால் கூண்டு கோணலாகவே நின்றிருக்கும், சத்தம் மட்டும் வேறு பல்லுக்குக் குடிமாறியிருக்கும்.

ஆனால் இறங்கும் தாமதம் அப்படியே இருந்தது. செயின் தேய்மானமா என்று அதையும் பார்த்தேன், பன்னிரண்டு அங்குலத்துக்கு வர வேண்டிய செயின் ஆணி பன்னிரண்டில்தான் நின்றது, தேய்மானம் இல்லை. கேபிளை டீரெய்லரிலிருந்து கழற்றி, முனையைக் கையில் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்தேன். பின்சக்கரத்துக்குப் போகும் பிரேம் குழாயான சங்கிலிக்கட்டை மேல் வளைந்து வரும் கடைசி அவுட்டர் (கேபிளின் வெளி உறை) துண்டில் மட்டும் நறநற. அந்தத் துண்டு மே மாதம் மாற்றியது. கேபிள் அறுந்து போய் எங்கள் ஊர்க் கடை அண்ணாச்சியிடம் போனபோது, பழையதில் துரு இருக்கிறதென்று அவரே வெட்டிப் போட்டுக் கொடுத்தார். அப்போதே கொஞ்சம் சோம்பலாகத்தான் மாறியது, புதுக் கேபிள் நீளும், தானே சரியாகும் என்று விட்டுவிட்டேன். பிறகு சாரல் வந்தது, ரோட்டுத் தண்ணியும் மணலும் உள்ளே போய்விட்டது.

துண்டை உருவி முனையைப் பார்த்தால் உள்ளே கம்பி சுருள் சுருளாக இருக்கிறது. அது பிரேக் அவுட்டர்! கியர் அவுட்டரில் மெல்லிய கம்பிகள் நீளவாக்கில் நேராக ஓடும், அதனால் அழுத்தினாலும் நீளம் குறையாது. பிரேக் அவுட்டர் ஸ்பிரிங் மாதிரிச் சுற்றியது, அழுத்தினால் கொஞ்சம் அமுங்கும். பிரேக்குக்கு அது பரவாயில்லை, விரல் இன்னும் கொஞ்சம் அழுத்தினால் தீர்ந்தது. கியருக்கு அப்படி இல்லை. என்னுடையது பின்னால் 9 பல்சக்கரம் உள்ள செட். ஒரு க்ளிக்குக்குக் கேபிள் நகர்வது ஏறத்தாழ 2.5 மி.மீ., அதை டீரெய்லர் 1.7 மடங்காக்கி ஒரு பல்லிலிருந்து அடுத்த பல்லுக்குத் தள்ளுகிறது. அந்த 2.5-இல் அரை மி.மீ. அமுங்கிப் போனால் செயின் இரண்டு பல்லுக்கும் நடுவே நின்று பாட்டுப் பாடும். வழக்கமான கியர் அவுட்டர் 4 மி.மீ. கனம், பிரேக்குடையது 5. கனம் கூடியதால் முனையில் மாட்டும் குப்பிகூட இல்லாமலே பேரலுக்குள் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது, அதுதான் யாருக்கும் சந்தேகம் வராததற்குக் காரணம்.

சரியான அவுட்டரை வரவழைத்து, உள்ளே ஓடும் கம்பியான இன்னரையும் சேர்த்து மாற்றினேன். பழைய இன்னரை உருவும்போது விரலால் கியர் மாற்றும் ஷிஃப்டருக்குள் இருந்த தலைப் பக்கம் இரண்டு இழை அறுந்து முடி மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு மாசம் விட்டிருந்தால் உள்ளேயே அறுந்து, அந்தத் தலையை எடுக்க ஒரு நாள் போயிருக்கும். அவுட்டரை வெட்டிய பிறகு நசுங்கிய வாயை ஆணி விட்டு வட்டமாக்குவதும் முக்கியம், சோம்பல் படாதீர்கள். பேரலைக் கடைசியில் கால் சுற்றுத்தான் திருப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆரியங்காவு வரை போய்வந்தேன், தூறலில். ஒரு தட்டு, ஒரு பல். திரும்பும் வழியில் கடையில் நிறுத்தி, இரண்டு அவுட்டர் துண்டையும் அண்ணாச்சியிடம் நீட்டினேன். அவரைக் குறை சொல்லப் போகவில்லை, நாள் முழுக்கக் கியர் இல்லாத சைக்கிளுக்கு வேலை பார்க்கிறவர். கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“வயர் வயர்தானேன்னு நெனச்சேன் தம்பி. இது நேரா போகுது, இது சுத்திப் போகுது. மீட்டர் என்ன வெல?”

சொன்னேன். நேர்க்கம்பித் துண்டை வாங்கி, பஞ்சர் பசை டப்பாவுக்கு மேலே இருந்த ஆணியில் மாட்டி வைத்துக்கொண்டார்.