சனிக்கும் செவ்வாய்க்கும் நடுவில்

2025 ஜனவரி 7, செவ்வாய்

டயாலிசிஸுக்கு ஏறும்போது அப்பாவின் எடை 60.9 கிலோ. முடிந்து இறங்கும்போது 58.6. ஊசி போடும்போது அப்பா கண்ணை மூடிக்கொண்டே, "தரங்கம்பாடி போகணும் பாப்பா" என்றார். போகலாம்ப்பா என்று சொல்லிவிட்டேன்.

ஜனவரி 8, புதன்

காலண்டரை வைத்துக்கொண்டு ராத்திரி பதினொன்று வரை உட்கார்ந்திருந்தேன். டயாலிசிஸ் செவ்வாய், வியாழன், சனி. மற்ற இடைவெளியெல்லாம் ஒரு நாள்தான். சனிக்கும் செவ்வாய்க்கும் நடுவில் மட்டும் இரண்டு நாள். வெளியூர் போவதென்றால் அந்த இரண்டு நாளில்தான் போக வேண்டும். உடம்பில் தண்ணீரும் பொட்டாசியமும் அதிகமாகச் சேர்வதும் அந்த இரண்டு நாளில்தான். திங்கள் ராத்திரி அப்பா இரண்டு தலையணையை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். அந்தத் திங்கள் ராத்திரி கடற்கரையில், தெரிந்த டாக்டர் யாரும் இல்லாத ஊரில்.

ஜனவரி 11, சனி

ஒரு விடுதிக்குப் பேசினேன்.

"மாடியிலதான் மேடம் கடல் தெரியும்."

"எத்தனை படி?"

"எண்ணினதில்லையே மேடம்."

எண்ணிச் சொல்லச் சொன்னேன். லைனிலேயே ஏறி எண்ணினார், பாவம். இருபத்திரண்டு. பாதிக்கு மேல் கைப்பிடி இல்லை.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். காலை ஆறு மணி ஷிஃப்ட். எல்லா நாற்காலியும் நிறைந்திருந்தது. வீட்டில் பதினொன்றரைக்குத்தான் பால் பொங்கியது. அப்பாவுக்கு இரண்டு ஸ்பூன்.

ஜனவரி 17, வெள்ளி

இன்று அப்பா நிறையப் பேசினார். மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்கு ரயில் இருந்ததாம். ஒன்பது வயதில் அவருடைய தாத்தாவோடு அதில் போயிருக்கிறார். 1986-ல் அந்தப் பாதையை மூடிவிட்டார்கள். கோட்டை ஞாபகமில்லையாம். டேனிஷ்காரர்கள் 1620-ல் கட்டத் தொடங்கிய கோட்டை, எனக்கு அதைப் பார்க்க ஆசை. அப்பாவுக்குக் கோயில்தான். கரையோரத்து மாசிலாமணிநாதர் கோயில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் 1306-ல் கட்டியது. கல்வெட்டில் ஊர்ப்பேர் சடங்கன்பாடி என்றிருக்கிறது என்று இரண்டு தடவை சொன்னார். முன்பக்கத்தைக் கடல் கொண்டுபோய்விட்டது. "எவ்வளவு மிச்சமிருக்குன்னு பாத்துட்டு வந்துடணும்."

அவர் தூங்கிய பிறகு இடது கையில் விரலை வைத்துப் பார்த்தேன். ஃபிஸ்டுலா, டயாலிசிஸ் ஊசிக்காக ரத்தக்குழாய்களை இணைத்த இடம், அதிர்கிறது.

ஜனவரி 18, சனி

2.6 கிலோ ஏறியிருக்கிறது. அடுக்களையில் மோர் குடித்திருக்கிறார். கத்திவிட்டேன்.

ஜனவரி 19, ஞாயிறு

கத்தியிருக்க வேண்டாம்.

ஜனவரி 22, புதன்

டாக்டர் போகவே கூடாது என்பார் என்று பயந்துகொண்டு போனேன். சொல்லவில்லை. திங்களன்று காரைக்காலிலோ மயிலாடுதுறையிலோ ஒரு டயாலிசிஸ் முடித்துக்கொண்டால் செவ்வாய்வரைகூட இருக்கலாம், அடுத்தது வியாழன் இங்கே என்றார். புது இடத்தில் ஹெபடைட்டிஸ் பி, சி, எச்ஐவி ரிப்போர்ட் கேட்பார்கள், ஒரு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். கடைசி மூன்று சிட்டிங் சார்ட், ரத்தம் உறையாமலிருக்கப் போடும் ஹெப்பாரின் அளவு, உலர் எடை (அதிகத் தண்ணீரை எடுத்த பிறகு இருக்க வேண்டிய எடை) 58.5. இடது கையில் பிபி பார்க்க விடாதீர்கள், பை மாட்டக்கூடாது. ஒரு நாளைக்கு 800 மில்லி, காபி ரசம் எல்லாம் சேர்த்து. கருவாடு வேண்டாம். இளநீர் ஒரு வாய்கூடக் கூடாது, பொட்டாசியம் ஏறினால் இதயத்துடிப்பே தாறுமாறாகும். மீன் கொஞ்சம் சாப்பிடலாம். அதைக் கேட்டதும் அப்பா என்னைப் பார்த்தார்.

ஜனவரி 23, வியாழன்

முதல் இடம்: வெளியூர் ஆட்களுக்குத் தருவதில்லை. இரண்டாவது இடம்: மணி அடித்துக்கொண்டே இருந்தது.

ஜனவரி 27, திங்கள்

அண்ணன் துபாயிலிருந்து கூப்பிட்டான். "இப்ப எதுக்கு இந்த ரிஸ்க்? வீட்டுலயே பாத்துக்கலாமே." அவன் சொல்வது தப்பென்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்றரை வருஷமாக அப்பா இந்த வீட்டிலிருந்து அந்த நாற்காலிக்கும், அந்த நாற்காலியிலிருந்து இந்த வீட்டுக்கும்தான் போய் வந்துகொண்டிருக்கிறார். கொளத்தூர் தாண்டவில்லை. மெரினாவுக்குக் கூட்டிப்போகிறேன் என்றபோது வேண்டாம் என்றவர், வாய்விட்டுக் கேட்டது இது ஒன்றுதான். இதையெல்லாம் அவனிடம் சொல்லவில்லை. "சரிண்ணா, யோசிக்கிறேன்" என்று வைத்துவிட்டேன். இன்னும் கை நடுங்குகிறது.

ஜனவரி 31, வெள்ளி

பிப்ரவரி 11 தைப்பூசம். ரயிலில் இடமில்லை. கார்தான். ஈசிஆரில் புதுச்சேரி, கடலூர், பிறகு சிதம்பரம், சீர்காழி, திருக்கடையூர். 270 கிலோமீட்டர் வரும். சனிக்கிழமை டயாலிசிஸ் முடிந்த கையோடு அவரால் உட்கார முடியாது. ஞாயிறு விடியற்காலை கிளம்ப வேண்டும்.

பிப்ரவரி 3, திங்கள்

காரைக்காலில் கிடைத்துவிட்டது! திங்கள் மதியம் ஒரு மணி. தரங்கம்பாடியிலிருந்து பதினைந்து கிலோமீட்டர்தான். சனிக்கிழமை ஒருமுறை கூப்பிட்டு உறுதி செய்துகொள்ளச் சொன்னார்கள்.

ரூமும் சொல்லிவிட்டேன், கீழ்த்தளம். ஜன்னலில் கடல் தெரியாது, மதில் சுவர்தான். அப்பா, "சத்தம் கேக்கும்ல?" என்றார்.

பிப்ரவரி 6, வியாழன்

வழியெல்லாம் இளநீர்க் கடை இருக்குமே என்று அம்மாவுக்குக் கவலை. அவரைப் பின்சீட்டில் நடுவில் உட்காரவைக்கலாமா என்று கேட்கிறாள். அம்மா அப்பா எதிரில் தண்ணீர் குடித்து நான் பார்த்தே ஒன்றரை வருஷமாகிறது. இன்றுதான் அது எனக்கு உறைத்தது. மொட்டைமாடிக்குப் போய் நின்றுவிட்டு வந்தேன்.

நூறு மில்லி டம்ளரை எடுத்து வைத்தாயிற்று. எட்டு தடவை.

பிப்ரவரி 8, சனி

58.5. சரியாக 58.5.

காரைக்காலுக்கு மூன்று முறை போன் செய்தேன். யாரும் எடுக்கவில்லை.

இரவு 9.40. நான்காவது முறை. எடுக்கவில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

காலை 4.10. பாத்ரூமில் விளக்கு எரிகிறது. அப்பா சவரம் செய்துகொண்டிருக்கிறார்.