இடது கை என்ன செய்கிறது?

தொழிற்பயிற்சி நிலையத்தில் வேலை பார்ப்பவருக்கு இரண்டு தொழில் தெரிந்திருக்க வேண்டும். தன்னுடைய டிரேடு ஒன்று, அதைச் சொல்லிக்கொடுப்பது இன்னொன்று. முதலாவதற்கு அவ்வப்போது பயிற்சிக்கு அனுப்புகிறார்கள். இரண்டாவதற்கு, கிண்டியில் ஒரு வருஷம் ஆசிரியர் பயிற்சி படித்து முடித்தபின், அவரவர் சாமர்த்தியம்தான். நான் கடலூரில், இரும்பைத் தேய்த்துப் பொருத்தும் ஃபிட்டர் பிரிவு எடுக்கிறேன். சொல்லிக்கொடுக்கும் தொழிலில் எனக்கு உருப்படியாகக் கிடைத்த பயிற்சி, ஃபைலை, அதாவது இரும்பைத் தேய்க்கும் அரத்தை, கையில் தொட்டே பார்த்திராத ஒரு கம்ப்யூட்டர் பிரிவு மேடத்திடமிருந்து வந்தது.

கிண்டியைக் குறை சொல்லவில்லை. சி.ஐ.டி.எஸ். என்கிற அந்த ஒரு வருஷப் படிப்பு எங்களைப் போன்றவர்களுக்கு அவசியம். பாடத்தை நான்கு படியாகப் பிரிக்க அங்கேதான் கற்றோம்: தயார்படுத்துவது, செய்துகாட்டுவது, செய்யவைப்பது, சோதிப்பது. இது நேற்று வந்த முறை இல்லை. முதல் உலகப் போர் சமயத்தில் அமெரிக்கக் கப்பல் கட்டும் தளங்களுக்கு அவசர அவசரமாக ஆள் தேவைப்பட்டபோது சார்லஸ் ஆலன் என்பவர் வகுத்தது. இரண்டாம் உலகப் போரில் அதையே தூசி தட்டி எடுத்து, கூடவே ஒரு தாளையும் சேர்த்தார்கள். இடப்பக்கம் வேலையின் படிகள். வலப்பக்கம் ஒவ்வொரு படியிலும் உள்ள சூட்சுமம். அதாவது, வேலையைக் கெடுக்கக்கூடியது, ஆளைக் காயப்படுத்தக்கூடியது, வேலையைச் சுலபமாக்கக்கூடியது. அந்த வலப்பக்கம்தான் உண்மையான பாடம். இடப்பக்கத்தை எந்தப் புத்தகத்தைப் பார்த்தும் எழுதிவிடலாம்.

கிண்டியில் ஒருவர் பாடம் நடத்த, மற்றவர்கள் மாணவர்களாக உட்கார்ந்து பார்த்துக் குறை சொல்ல வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் ஃபிட்டர்கள். நான் பாதி சொன்னாலே மீதி அவர்களுக்குத் தெரியும். "குரல் இன்னும் சத்தமா இருக்கணும்", "போர்டை மறைக்காதீங்க" என்பதைத் தாண்டி யாரும் எதுவும் சொன்னதில்லை. வலப்பக்கத்தில் விட்டுப்போனது எவர் கண்ணிலும் படாது, அது எல்லார் கையிலும் ஏற்கெனவே இருந்ததால்.

ஒரு சமயம் எங்கள் கம்ப்யூட்டர் லேபில் வயரிங் வேலை நடந்துகொண்டிருந்தது. மேடம் உட்கார இடமில்லாமல் என் ஷாப்பில், அதாவது பயிற்சிக் கூடத்தில், ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு பதிவேடு எழுதிக்கொண்டிருந்தார். நான் புதுப் பையன்களுக்கு ஃபைலிங் டெமோ காட்டிக்கொண்டிருந்தேன். எம்.எஸ். பிளேட்டை, அதாவது இரும்புத் தகட்டை, வைஸ் என்கிற பிடிப்புக் கருவியில் இறுக்கி, "ஃபைலை மட்டமாத் தள்ளணும், ஆடக் கூடாது" என்று வழக்கமாகச் சொல்வதைச் சொல்லித் தள்ளிக்காட்டினேன். பையன்கள் போனபின் மேடம் கேட்டார்: "சார், உங்க இடது கை ஏன் போகப் போக லேசாயிடுது?"

வைஸ் முன்னால் மறுபடி நின்று என் கையை நானே பார்த்தேன். தள்ளத் தொடங்கும்போது ஃபைலின் நுனியைப் பிடித்திருக்கும் இடது கை அழுத்துகிறது. நடுவில் இரண்டு கையும் சமம். முடியும்போது இடது கை சும்மா தொட்டுக்கொண்டிருக்க, கைப்பிடியில் இருக்கும் வலது கை அழுத்துகிறது. இப்படி அழுத்தம் கைமாறினால்தான் ஃபைல் மட்டமாகப் போகும். மாறாவிட்டால் ஊஞ்சல் மாதிரி ஆடும். ஜாபின், அதாவது தேய்க்கிற தகட்டின், இரண்டு ஓரமும் தேய்ந்து நடுவில் மேடு நிற்கும். மட்டம் பார்க்கும் ட்ரை ஸ்கொயரை வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் இரு ஓரத்திலும் ஒளி கசியும். இதெல்லாம் புத்தகத்தில் இல்லாமல் இல்லை. தியரி வகுப்பில் படமே போட்டு நடத்துவேன். வைஸ் முன்னால் நிற்கும்போது மட்டும் வாயில் வராது. அது எப்போதோ வாயைவிட்டுக் கைக்குக் குடிபோய்விட்டது.

இப்போது அந்த டெமோவை, சப்தமே இல்லாமல், இடது கையை மட்டும் பாருங்கள் என்று சொல்லி ஒரு தடவை செய்துகாட்டுகிறேன். அப்புறம்தான் பேச்சு.

இந்தக் கேள்வியின் ருசி பிடித்துப்போய் நான் எலக்ட்ரீஷியன் சாரின் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். மோட்டார் பேனலில் வேலை செய்வதற்கு முன் சப்ளை இல்லை என்று உறுதிசெய்யும் பாடம். மெயினை ஆஃப் செய்தார். டெஸ்ட் லாம்ப்பை எடுத்தவர் நேராகப் பேனலுக்கு வரவில்லை. சுவர் பிளக்கில் செருகி எரிகிறதா என்று பார்த்துவிட்டு வந்துதான் லைனில் வைத்தார். எரியவில்லை. மறுபடி போய் பிளக்கில் ஒரு தடவை. வாய் மட்டும் "மெயின் ஆஃப், டெஸ்ட் பண்ணு, வேலையை ஆரம்பி" என்று சொல்லிக்கொண்டிருந்தது. "அந்தப் பிளக்குக்கு ஏன் சார் போயிட்டுப் போயிட்டு வந்தீங்க?" என்று கேட்டேன். "எங்க போனேன்?" என்றார்! லாம்ப் எரியவில்லை என்றால் கரண்ட் இல்லை என்றும் இருக்கலாம், பல்பு போய்விட்டது என்றும் இருக்கலாம். பல்பு போனது தெரியாமல் கையை வைத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. உயிரைக் காப்பாற்றுகிற படி, பாடக் குறிப்பில் இல்லாமல் பல வருஷமாக அவர் கால்களிலேயே இருந்திருக்கிறது.

பையன்களே கேட்கலாமே என்று தோன்றும். கேட்க மாட்டார்கள். பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி, பரங்கிப்பேட்டை என்று பல பக்கத்திலிருந்து பஸ் பிடித்து வருகிற பிள்ளைகள். பத்தாவதோடு வந்தவர்களில் பலருக்குப் பள்ளிக்கூடம் கொடுத்தனுப்பிய ஒரே பாடம், புரியவில்லை என்றால் தப்பு உன்னிடம்தான் என்பது. நெய்வேலியில் அப்ரண்டிஸ் கிடைக்குமா, சிப்காட்டில் ஆள் எடுப்பார்களா என்கிற கவலை வேறு. வகுப்பில் தலையாட்டிவிட்டு, வைஸில் போய் முழிப்பார்கள். சக ஆசிரியருக்கு அந்தப் பயம் இல்லை. கேட்கும் தைரியமும் உண்டு, விஷயமும் தெரியாது. இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்து கிடைப்பது அபூர்வம்.

டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து 71 அரசு தொழிற்பயிற்சி நிலையங்களை 2,877 கோடி ரூபாயில் தமிழக அரசு மேம்படுத்தியதால் கம்ப்யூட்டர் இயக்கும் சி.என்.சி. மெஷின், ரோபோ என்று எங்கள் உலகமே மாறிவிட்டது. அதற்கான பயிற்சிகளில் நான்தான் விஷயம் தெரியாத ஆள். சொல்லிக்கொடுத்த தம்பி கெட்டிக்காரர். ஜாபின் ஜீரோவை, அதாவது மெஷின் அளக்கத் தொடங்கும் இடத்தை, எடுக்கும்போது டூலுக்கும் ஜாபுக்கும் நடுவே ஒரு வெள்ளைத்தாளை வைத்து, தாள் லேசாகப் பிடிக்கும்வரை டூலை இறக்கினார். அந்த நிலையையே ஜீரோ என்று பதிந்துவிட்டு அடுத்ததற்குப் போனார். தாளின் தடிமன் சுமார் 0.1 மி.மீ. இருக்குமே! ஃபிட்டருக்கு அது மலை. கேட்டேன். "அதை ஆஃப்செட்ல கழிச்சிடணும் சார், சொல்லலையா நான்?" என்றார். சொல்லவில்லை. நல்ல பயிற்சி அது. மெஷினில் எல்லார் கையும் பட்டது. இன்னொரு முறை ஒரு மண்டபத்தில் உட்காரவைத்து, கற்பித்தலில் புதுமை என்ற தலைப்பில் நாள் முழுக்க ஸ்லைடு ஓட்டினார்கள். மதியம் பிரியாணி பரவாயில்லை.

இந்த வகுப்புப் பார்க்கும் வேலைக்குச் சர்டிபிகேட் கிடையாது. பயிற்சி விவரம் எழுதும் படிவத்தில் "நடத்திய நிறுவனம்" என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் பக்கத்து ஷாப் என்று எழுத முடியுமா? எங்கள் முதல்வர், சொந்தப் பிரிவைக் காலியாக விட்டுப் போகாதவரை ஆட்சேபம் இல்லை என்கிறார். அதுவே பெரிய தடைதான். ஆள் பற்றாக்குறையில் இரண்டு பேட்சைச் சேர்த்துப் பார்ப்பவர் எங்கே போய் இன்னொருவர் வகுப்பில் உட்காருவது? தன் வகுப்பை இன்னொருவர் பார்ப்பதை இன்ஸ்பெக்‌ஷனாக நினைத்து முகம் சுளித்தவர்களும் உண்டு. அவர்களை விட்டுவிட்டோம். வந்து உட்காருபவர் அறிவுரை சொல்லக் கூடாது, பார்த்ததைக் கேள்வியாக மட்டும் கேட்கலாம் என்று வைத்துக்கொண்டபின் ஓரளவு சகஜமாகியிருக்கிறது.

அடுத்த வாரம் தையல் பிரிவு மேடம் கூப்பிட்டிருக்கிறார், சட்டைக்குக் கை வைத்துத் தைக்கும் பாடம். எனக்கு ஊசியில் நூல் கோர்க்கவே வராது என்றேன். அதனால்தான் உங்களைக் கூப்பிட்டேன் என்கிறார்.