குளித்தும் முழுகாதிருந்த மாதம்

10 பிப்ரவரி 2025, திங்கள்

நாளை தைப்பூசம். இங்கே சிங்கப்பூரில், சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில்வரை பால்குடம் எடுப்பதாக நேர்ந்துகொண்டு மூன்று வாரமாக விரதம் இருந்தேன். இன்று மதியம் அலுவலகத்தில் உள்ளாடையில் ஐம்பது காசு நாணய அளவுக்கு ஒரு கறையைக் கண்டேன். சென்ற மாதவிலக்கு 14 ஜனவரி, பொங்கலன்று வந்தது. எனக்கு இருபத்தெட்டு நாள் கணக்கு என்பதால், ஒரு நாள் முன்னதாக வந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து சொன்னதும் அத்தை எதுவும் கேட்கவில்லை. துலக்கி வைத்திருந்த குடத்தை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு, "அடுத்த வருஷம் எடுக்கலாம்மா" என்றார். குழந்தைக்காக நேர்ந்துகொண்ட குடம் அது. இரவு வெகுநேரம் உறக்கம் வரவில்லை.

12 பிப்ரவரி, புதன்

நேற்றிரவே நின்றுவிட்டது. வழக்கமாக எனக்கு ஐந்து நாள் போகும். இரண்டாம் நாள் அடிவயிறும் இடுப்பும் கடுத்து, சிறு கட்டிகளோடு, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை நாப்கின் மாற்ற வேண்டியிருக்கும். இம்முறை வலியே இல்லை. நிறமும் சிவப்பாக இல்லாமல் காய்ந்த புளியைப்போலப் பழுப்பாக இருந்தது. இரண்டு நாளும் சேர்ந்து ஒரு நாப்கின்கூட நனையவில்லை. ஆயினும் வழக்கம்போல் தலைக்குக் குளித்துவிட்டுப் பூசையறைக்குள் போனேன்.

13 பிப்ரவரி, வியாழன்

தாதியாகப் பணிபுரியும் அக்காவிடம் தொலைபேசியில் இதைச் சொன்னபோது, கர்ப்பமா என்று உடனே பரிசோதித்துப் பார்க்கச் சொன்னார். "இரத்தம் வந்ததே, அக்கா" என்றேன். கருவுற்ற தொடக்க வாரங்களில் ஏறக்குறைய நான்கில் ஒரு பெண்ணுக்கு ஏதோ ஓர் அளவில் இரத்தம் படுகிறது என்றும், அவர்களில் பலருக்குக் கர்ப்பம் நல்லபடியாகவே தொடர்கிறது என்றும் அவர் விளக்கினார். கருமுட்டை வெளிப்பட்ட ஆறு முதல் பன்னிரண்டு நாள்களுக்குள் கரு கருப்பைச் சுவரில் பதிகிறது. அந்த நாள்கள் மாதவிலக்கு வரவேண்டிய நாளை ஒட்டியே அமைவதால், அப்போது ஏற்படும் சிறு கசிவை வந்துவிட்ட மாதவிலக்கு என்று எவரும் எண்ணிவிடக்கூடும். மாதவிலக்கு பெரும்பாலும் மெல்லத் தொடங்கிப் பெருகிப் பின் குறையும். கசிவோ பெருகாமல் சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ நின்றுவிடும். ஆனால் நிறத்தையும் அளவையும் மட்டும் வைத்து ஒருவராலும் முடிவு சொல்ல இயலாது என்பதை அக்கா இரண்டு முறை அழுத்திச் சொன்னார்.

அந்தப் பேச்சு முடிந்ததிலிருந்து ஒன்று என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. கருவுற்றவளை நாம் 'முழுகாமல் இருக்கிறாள்' என்கிறோம். அப்படியானால் முழுகிவிட்டவளைப் பற்றி வீட்டில் எவருக்கும் ஐயம் எழுவதில்லை, அவளுக்கேகூட எழுவதில்லை. நானும் அப்படித்தான் இருந்துவிட்டேன்.

பொறுமையில்லாமல் இரவு எட்டு மணிக்கே சோதித்தேன். ஒரே கோடு, கர்ப்பம் இல்லை என்று.

14 பிப்ரவரி, வெள்ளி

அக்கா கடிந்துகொண்டார். கரு பதிந்த பிறகுதான் எச்சிஜி என்னும் ஹார்மோன் சுரக்கத் தொடங்கி, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது. ஆகவே இன்று இல்லையென்று காட்டும் கருவி நான்கு நாள் கழித்து ஆமென்று காட்டலாம். கருமுட்டை சில நாள் தாமதமாக வெளிப்பட்டிருந்தால் எல்லாக் கணக்கும் அதற்கேற்பத் தள்ளிப்போகும். மாலை முழுவதும் தண்ணீர் குடித்துவிட்டுச் சோதித்ததும் தவறு, சிறுநீர் நீர்த்துப்போயிருக்கும். மாதவிலக்கு தள்ளிப்போன முதல் நாளிலிருந்து, காலையில் எழுந்தவுடன் கழிக்கும் சிறுநீரில் பார்ப்பதே நம்பத்தக்கது. சுழற்சி ஒழுங்கில்லாதவர்கள், பாதுகாப்பின்றி உறவுகொண்ட கடைசி நாளிலிருந்து இருபத்தொரு நாள் கழித்துப் பார்க்கலாம். திங்கட்கிழமைவரை காத்திருக்க ஒப்புக்கொண்டேன்.

17 பிப்ரவரி, திங்கள்

காலை ஐந்தரை மணி. அட்டையில் குறித்தபடி ஐந்து நிமிடம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முதற்கோடு அடர்த்தியாக விழுந்தது. அதனருகே வெளிறிய இளஞ்சிவப்பில், நூலிழைபோல் இரண்டாவது கோடு. நேரம் கடந்தபின் ஈரம் காய்ந்து தெரியும் நிறமற்ற தடத்தைக் கோடென்று நம்பக் கூடாது என்று அக்கா எச்சரித்திருந்தார். இது நேரத்துக்குள்ளேயே, நிறத்தோடு தெரிந்தது. கணவரை எழுப்பினேன். பிறகு அத்தையிடம் சொன்னேன். அவர் பேசாமல் அலமாரியைத் திறந்து, குடத்தை எடுத்துப் பூசையறையில் வைத்தார்.

19 பிப்ரவரி, புதன்

பலதுறை மருந்தகத்தில் சிறுநீரை மீண்டும் சோதித்து உறுதிசெய்தார்கள். கடைசி மாதவிலக்கு எப்போது என்று மருத்துவர் கேட்டதும் '10 பிப்ரவரி' என்று வாய்வரை வந்துவிட்டது. அப்படிச் சொல்லியிருந்தால் கர்ப்பத்தின் வயது நான்கு வாரம் குறைந்து பதிவாகியிருக்கும். 14 ஜனவரி என்று சொல்லி, நடுவில் வந்த கசிவையும் விவரித்தேன். கசிவுக்கான காரணத்தை இப்போது உறுதியாகக் கூற இயலாது என்றும், சூழலைப் பார்த்தால் கரு பதிந்தபோது வந்ததாக இருக்கலாம் என்றும் அவர் சொன்னார்.

அவர் அதிக நேரம் செலவிட்டது எச்சரிக்கைகளில்தான். மீண்டும் இரத்தம் பட்டால் அளவு எவ்வளவு குறைவாக இருந்தாலும் தெரிவிக்க வேண்டும். வயிற்றின் ஒரு பக்கத்தில் கடும் வலி, தோள்பட்டை நுனியில் வலி, மயக்கம் ஆகியவை கருக்குழாயில் கரு தங்கியதன் அறிகுறிகளாக இருக்கலாம். இவற்றில் ஒன்று தோன்றினாலும், ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுவதும் நனைந்தாலும், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கேகே மகளிர், சிறார் மருத்துவமனையில் பெண்களுக்கான அவசரப் பிரிவு இரவு பகலாக இயங்குகிறது. நடக்க முடியாத நிலையென்றால் 995 என்ற எண்ணில் ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். சோதனையில் இரண்டு கோடு வந்துவிட்டதாலேயே கரு சரியான இடத்தில் இருக்கிறது என்று பொருளாகாது என்பதை நான் இன்றுதான் அறிந்தேன். ஃபோலிக் அமிலம் எழுதிக்கொடுத்தார்.

10 மார்ச், திங்கள்

ஸ்கேன் எடுத்தார்கள். கரு கருப்பைக்குள்தான் இருக்கிறது. சாம்பல் நிறத்திரையில் அரிசிமணிபோல் ஒன்று துடித்துக்கொண்டிருந்தது. ஏழு வாரமும் சில நாள்களும் என்று அளந்தார்கள். பிரசவ நாள் 21 அக்டோபர் என்று குறித்தார்கள். தீபாவளிக்கு மறுநாள்.

வீடு திரும்பும் ரயிலில் கைப்பேசிச் செயலியைத் திறந்தேன். 10 பிப்ரவரியை அது இன்னமும் மாதவிலக்காகவே காட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சிவப்பு வட்டத்தை நீக்கிவிட்டு, 'கசிவு, இரண்டு நாள், பழுப்பு, வலியில்லை' என்று எழுதி வைத்தேன்.