கொழும்பு – ரொறன்ரோ: 14,000 கிலோமீற்றருக்கு எத்தனை மணித்தியாலம்?

உலக உருண்டையில், கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்கவில் ஒரு நூலின் நுனியை அழுத்திப் பிடித்து, மற்ற நுனியை ரொறன்ரோ வரை இறுக்கி இழுத்துப் பாருங்கள். நூல் அரபிக்கடல் பக்கமே போகாது. இந்தியா, கஸகஸ்தான், ரஷ்யா என்று வடக்கே ஏறி, நோர்வேயின் வடகோடியை உரசி, கிறீன்லாந்துக்கு மேலால் கனடாவுக்குள் இறங்கும். நீளம் ஏறத்தாழ 14,000 கிலோமீற்றர். சுவரில் மாட்டிய தட்டை வரைபடத்தில் அடிமட்டம் வைத்தால் இந்த மிகக் குறுகிய பாதை பிடிபடாது.

நேரடி விமானம் கிடையாது. டுபாயில் மாறினால் 3,290, பிறகு 11,080, கூட்டினால் 14,370. "சுத்திக்கொண்டு போகுது" என்று பலர் சலித்துக்கொள்வார்கள். அந்தச் சுற்று வெறும் 370 கிலோமீற்றர், பறப்பில் அரை மணித்தியாலம்கூட இல்லை. லண்டன் வழியும் கிட்டத்தட்ட இதே தூரம்தான். நேரத்தைத் தின்பது ட்ரான்சிட் காத்திருப்பு. ஆகவே டிக்கெட் எடுக்கும்போது ஊரைப் பார்க்காமல் இடைவெளியைப் பாருங்கள்.

பறக்கும் நேரத்துக்கு ஒரு கைக்கணக்கு: நீண்ட பயணமென்றால் கிலோமீற்றரை 800ஆல் வகுங்கள், 4,000க்குக் குறைந்தால் 700ஆல். விமானம் மேலே 900 வேகத்தில் போனாலும், ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும் ஏறுவதும் இறங்குவதும் எந்தத் தூரத்துக்கும் ஏறக்குறைய ஒரே நேரம் எடுக்கும். குறுகிய பயணத்தில் அந்தப் பங்கு கூடுதலாகத் தெரியும். டுபாய்க்கு 4 மணி 40 நிமிடம், அங்கிருந்து ரொறன்ரோவுக்கு 14 மணித்தியாலம் அளவில் வரும். திரும்பி வரும்போது மேல்வானத்து மேலைக்காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் நீண்ட பகுதியில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் குறையும்.

ட்ரான்சிட் 3 மணித்தியாலம், கட்டுநாயக்கவில் முன்கூட்டி 3, வெள்ளவத்தையிலிருந்து அதிவேகப் பாதை வழியே ஒன்றரை, அங்கே இறங்கி பெட்டி எடுத்து வெளியே வர ஒன்றரை. வாசலிலிருந்து வாசலுக்கு 28 மணித்தியாலம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டிக்கெட்டில் உள்ள மணி ஒவ்வொன்றும் அந்தந்த ஊர் மணி. ரொறன்ரோ நமக்கு கோடையில் 9.30, குளிர்காலத்தில் 10.30 மணித்தியாலம் பின்னால். அவர்கள் கடிகாரத்தை மாற்றுவது மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும். லண்டன் மாறுவது மார்ச், ஒக்டோபர் கடைசி ஞாயிறுகளில். இடைப்பட்ட நாட்களில் லண்டன் வழி போகிறவர்களின் கணக்கு ஒரு மணி பிசகும்.

எல்லாவற்றிலும் மோசமான பிழை திகதியில் வருவது. '15, 02.55' என்று இருந்தால் 14ஆம் திகதி இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகே வீட்டிலிருந்து வெளிக்கிட வேண்டும். 15ஆம் திகதி இரவு போனால் விமானம் போய் ஒரு நாளாகியிருக்கும்.

கூட்டிப்போக வருபவருக்கு இறங்கும் மணியைக் கூட்டிக் கழிக்காமல் டிக்கெட்டில் உள்ளபடியே, திகதியோடு அனுப்பிவிடுங்கள்.