கைடுக்கு முன்னால் சில புத்தகங்கள்

மண்டபம், தங்கச்சிமடம் பக்கம் டிஎன்பிஎஸ்சி குரூப் 4-க்குப் படிக்கிற தம்பி தங்கைகள் என்னைப் பார்த்தால் முதலில் கேட்பது, "அண்ணே, எந்தக் கைடு வாங்கலாம்?" என்றுதான். கைடு கெட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் எனக்குத் தேர்வில் கைகொடுத்தவை, தேர்வை நினைக்காமல் ஆசைக்காகப் படித்த புத்தகங்கள். அவற்றைப் பற்றித்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

அகநானூற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். தொகுத்தவர் உருத்திரசன்மர், தொகுப்பித்தவர் பாண்டியன் உக்கிரப் பெருவழுதி, பிரிவுகள் களிற்றியானை நிரை, மணிமிடை பவளம், நித்திலக்கோவை. எல்லாக் கைடிலும் இது இருக்கும். மனப்பாடம் செய்தால் நாலு நாளில் மறந்தும் போகும். அதற்குப் பதிலாக நூலகத்தில் உரையோடு உள்ள அகநானூற்றை எடுத்து, 70-ஆம் பாட்டை மட்டும் நிதானமாகப் படியுங்கள். மதுரைத் தமிழ்க்கூத்தனார் கடுவன் மள்ளனார் பாடியது. பரதவர்களுக்கு, அதாவது மீனவர்களுக்கு, நல்ல வேட்டை; புலால் மணக்கும் சின்ன ஊரில் "கொழுங்கண் அயிலை பகுக்கும் துறைவன்", அதாவது அயிலை மீனைப் பங்கு போட்டுக் கொடுக்கிற கடற்கரைத் தலைவன், வருகிறான்.

எங்கள் கரையில் கரைவலை இழுத்து முடிந்ததும் மணலிலேயே பங்கு போடுவார்கள். கயிறு பிடித்தவர்களுக்குப் போக, ஓரமாகச் சட்டியோடு நிற்கிற பாட்டிக்கும் ரெண்டு மீன் விழும். கேட்க வேண்டியதில்லை. அப்பா அப்படிக் கொடுப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்த வரிக்கு மேல் அன்று என்னால் நகரவே முடியவில்லை. கடல்பாசி எடுத்துவிட்டு வந்த அம்மாவிடம் பாட்டைக் கதையாகச் சொன்னேன். "அந்தக் காலத்துலயும் பங்கு போட்டுத்தான் குடுத்தாகளா?" என்று கேட்டுவிட்டு, மீதியையும் சொல்லச் சொன்னார்.

மீதியில்தான் நம் ஊர் வருகிறது. பாண்டியரின் "தொன்முது கோடி" என்று பாட்டு சொல்வதைத் தனுஷ்கோடி என்றே கொள்கிறார்கள். கடல் முழங்கும் அந்தத் துறையில் இராமன் ஆலமரத்தடியில் ஆலோசனை செய்தபோது மரத்தில் இருந்த பறவைகளின் சத்தம் அடங்கியதாம். அதுபோல, தலைவியின் கல்யாணம் உறுதியானதும் ஊரார் பேசிய பேச்சு அடங்கிப்போனது என்கிறாள் தோழி.

இன்னொன்று, இந்நூலில் பாட்டின் எண்ணே திணையைக் காட்டிவிடும். ஒற்றைப்படை எண் எல்லாம் பாலை. 2, 8-இல் முடிந்தால் குறிஞ்சி, 4 முல்லை, 6 மருதம், பத்து பத்தாக வருவது நெய்தல். 70 நெய்தல் என்று மனதில் நின்றுவிட்டால் மற்றவை தானாகப் பின்னால் வரும்.

நபிகள் நாயகத்தின் வரலாற்றைச் சொல்லும் சீறாப்புராணமும் எனக்கு அப்படித்தான் பிடிபட்டது. விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து என்ற மூன்று காண்டங்களின் பெயர்களும் வெறும் பட்டியலாக இருந்தவரை குழப்பம்தான். அதைப் பாடிய உமறுப்புலவரை ஆதரித்த வள்ளல் சீதக்காதி கீழக்கரைக்காரர். அவர் காலமான பிறகு அபுல் காசிம் என்ற வள்ளலின் உதவியால் நூல் தொடர்ந்தது. நாம் பஸ்ஸில் கடந்து போகிற ஊரின் கதை இது என்று தெரிந்ததும் பிறப்பு, நபித்துவம், மக்காவிலிருந்து மதீனாவுக்குப் பெயர்வு என்ற வரிசை அதுவாகவே நின்றது.

அப்துல் கலாமின் 'அக்னிச் சிறகுகள்' பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் அதில் பலர் வேகமாகத் தாண்டிவிடுகிற ஒரு செய்தி உண்டு. ராமேஸ்வரத்தில் எஸ்.டி.ஆர். மாணிக்கம் என்பவரிடம் நிறையப் புத்தகங்கள் இருந்ததையும், சிறுவனான தான் அவற்றை வாங்கிப் போய்ப் படித்ததையும் கலாம் எழுதியிருக்கிறார். காசு கொடுத்து வாங்க முடியாத வீட்டுப் பிள்ளைகள் இந்தப் பக்கத்தை அவசியம் படிக்க வேண்டும். கிளை நூலகத்தில் உறுப்பினராகச் சேர ஆகிற செலவு ரொம்பக் குறைவு.

சரி, எந்த வரிசையில் படிப்பது? ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை தமிழ்ப் பாடநூலை முதலில் கதைப் புத்தகம் போல வாசியுங்கள். அடிக்கோடு, குறிப்பு எதுவும் வேண்டாம். இரண்டாவது முறை, நூலையும் ஆசிரியரையும் பற்றிச் சொல்லும் 'நூல்வெளி'ப் பகுதியைக் குறித்துக்கொள்ளுங்கள். பிடித்த ஒரு பாட்டுக்காவது மூலநூலைத் தேடிப் போங்கள். தமிழில் 100 கேள்விக்கு 150 மதிப்பெண். அதில் 60 வராவிட்டால் பொது அறிவு விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். ஆகவே தமிழை ஒதுக்கி வைக்க யாருக்கும் வழியில்லை. பத்தியைப் படித்துப் பொருள் உணரும் கேள்விகளில், முழுப் புத்தகம் படித்துப் பழகியவருக்குத் தடுமாற்றமே இருக்காது.

விசைப்படகு வேலைக்குப் போகிற தம்பிகளுக்கு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான மீன்பிடித் தடைக்காலம் 61 நாள் கையில் இருக்கிறது. வீட்டில் பணம் இறுக்கமாக இருக்கும் காலம்தான், தெரியும். வலை பின்னும் வேலை போக மிஞ்சுகிற நேரத்தில் பாடநூல்களை முடித்துவிடலாம். பழைய வினாத்தாள்களை அதற்கு அப்புறம் எடுங்கள். மூன்று மணி நேரம் வைத்து 200 கேள்வியையும் ஒரே மூச்சில் எழுதிப் பாருங்கள். எந்தப் பாடத்துக்குத் திரும்பப் போக வேண்டும் என்று அதிலேயே தெரிந்துவிடும்.