கரைக்கு வரவேண்டிய எண்கள்

கடலடியில் ஒரு கருவியை இறக்கி வைப்பது அவ்வளவு சிரமமில்லை. அது அளந்ததைக் கரைக்குக் கொண்டுவருவதுதான் சிரமம். மலேசியாவின் பினாங்குக் கடலில் நீரோட்டமும் நீர்மட்டமும் அளக்கும் குழுவில் வேலை செய்கிறேன். எங்கள் நாளின் பெரும்பகுதி இதிலேயே போகிறது.

உப்புநீருக்குள் வைஃபை, கைபேசி அலையெல்லாம் சில சென்டிமீட்டர்கூட உருப்படியாகப் போகாது. மிச்சமிருப்பது ஒலி. கருவியோடு இணைத்த மோடம் எண்களை ஒலியாக்கி அனுப்பும். மேலே மிதவையில் இருக்கும் மோடம் அதைக் கேட்டு, கைபேசி வழியாகக் கரைக்குத் தள்ளிவிடும். ஒலி நீரில் நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடினாலும், எங்கள் மோடத்தால் நொடிக்குச் சில நூறு பிட்டுகள் (0 அல்லது 1), மிஞ்சினால் சில ஆயிரம்தான் அதில் ஏற்ற முடியும்.

எங்கள் பக்கம் ஆழமும் குறைவு. ஒரே ஒலி கடல்மட்டத்திலும் தரையிலும் மோதிப் பல தடவை வந்து சேரும். முந்தைய பிட்டின் எதிரொலி அடுத்ததன் மேல் விழும். அப்புறம் இறால். வெதுவெதுப்பான ஆழமற்ற கடலில் ஒரு வகைச் சிற்றிறால் கொடுக்கைச் சொடுக்கும். அதில் உண்டாகும் குமிழி உடைந்து சத்தம் கிளம்பும். நீருக்குள் ஒலிவாங்கியை இறக்கினால், எண்ணெயில் கடுகு பொரிவதுபோல் இரவும் பகலும் கேட்டுக்கொண்டே இருக்கும். எங்கள் மோடம் பேசுகிற அலைவரிசையும் அந்தச் சத்தத்துக்குள்தான் இருக்கிறது.

பாதி எண்கள் வராமல் போன ஒரு நாள், குழுவில் மூத்த அண்ணன் சொன்னார்: "எல்லாத்தையும் ஏன் அனுப்பணும் தம்பி? பத்து நிமிஷச் சராசரிய மட்டும் அனுப்பச் சொல்லு. மிச்சத்த கருவிய எடுக்கும்போது பார்த்துக்கலாம்." அது சரியாக இருந்தது. முக்குளிப்பவர் இப்போது இறங்கலாமா என்று முடிவு செய்ய அந்தச் சராசரியே போதும். குறுக்கு வழி என்று சிலர் நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவசரமானது எது, காத்திருக்கக்கூடியது எது என்று பிரிப்பதுதான் இந்த வேலையின் உயிர்.

ஆழ்கடல் சுனாமிக் கருவிகளும் அப்படித்தான் செய்கின்றன. சாதாரண நாளில் 15 நிமிட இடைவெளி அளவுகளை மட்டும் அனுப்பும். மேலே நிற்கும் நீரின் அழுத்தம் வழக்கத்துக்கு மாறினால் உடனே நெருக்கமான அளவுகளை மிதவைக்கும், மிதவை செயற்கைக்கோளுக்கும் அனுப்பும். 2004 டிசம்பர் 26, மலேசிய நேரம் காலை 8.58க்கு சுமத்ரா அருகே நிலம் அதிர்ந்தது. அலை பினாங்குக்கு வந்தபோது மதியம் ஒரு மணி தாண்டிவிட்டது. நடுவில் நான்கு மணி நேரம் இருந்தது. ஆனால் இந்தியப் பெருங்கடலில் அப்படி ஒரு கருவியும் அன்று இல்லை. மலேசியாவில் இறந்த 68 பேரில் பெரும்பாலோர் பினாங்கில் இறந்தவர்கள். மிதவையிலிருந்து ஒரு வரி எண் வந்து விழும்போதெல்லாம் எனக்கு அந்த நான்கு மணி நேரம் நினைவுக்கு வரும்.

2011 சுனாமிக்குப் பிறகு ஜப்பான் 150 கருவிகளைக் கேபிளில் கோத்துக் கடலடியில் போட்டது. மின்சாரம் கேபிளிலேயே போகிறது, எண்களும் அதிலேயே வருகின்றன. இறால் சத்தம் ஒரு பொருட்டே இல்லை. பினாங்குக் கரையிலும் தொலைத்தொடர்புக் கேபிள்கள் ஏறுகின்றன. இனிப் போடும் கேபிளின் ரிப்பீட்டர் பெட்டிகளில், அதாவது வழியில் சமிக்ஞைக்கு வலுவூட்டும் பெட்டிகளில், ஒரு அழுத்தமானியையும் வைத்துவிட வேண்டும். அதற்கான வேலை கிடைத்தால் நான் முதல் ஆளாகப் போவேன்.