மடுவில் மருமகனுக்கு ஞானஸ்நானம்

போன ஞாயிற்றுக்கிழமை தம்பியின் மகனுக்கு மன்னார்ப் பக்கம் மடு மாதா கோவிலில் ஞானஸ்நானம். பிள்ளைக்கு மூன்று மாதம். பிறந்து முதல் சில கிழமைக்குள் கொடுத்துவிட வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். ஆனால் தம்பியின் மனைவி பிள்ளை தங்க வேண்டுமென்று மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்தவள். அதனால் ஆவணித் திருவிழாச் சனம் குறையும்வரை பொறுத்தோம்.

கிளிநொச்சியில் விடிய நாலு மணிக்கு வான் ஏறினோம். வவுனியாவில் மன்னார் றோட்டுக்குத் திரும்பி, செட்டிகுளப் பக்கம் வரும்போது அம்மாவின் ஜெபமாலை பாதியில் நின்றது. 2009இல் யுத்தத்தில் இடம்பெயர்ந்த சனத்தை வைத்திருந்த மெனிக் பாம் முகாம் இருந்த பக்கம். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

மடுச் சந்தியில் திரும்பிக் காட்டு றோட்டில் இறங்கிய பிறகுதான், எங்கள் பங்குக் குருவான சுவாமி தந்த கடிதம் வீட்டு மேசையில் கிடப்பது எனக்கு ஞாபகம் வந்தது. சொந்தப் பங்கை விட்டு வேறு கோவிலில் ஞானஸ்நானம் கொடுப்பதென்றால் அந்தக் கடிதம் வேணும். பக்குவமாக எடுத்து வைத்ததும் நான், விட்டுவிட்டு வந்ததும் நான். பக்கத்து வீட்டுப் பெடியன் படமெடுத்து வட்சப்பில் அனுப்ப, மடுவில் இருந்த சுவாமி போனைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "சரி, ஞானத்தாய் ஆர்?" என்றார்.

என் மகள். ஞானப் பெற்றோராக நிற்க 16 வயது முடிந்திருக்க வேணும், ஞானஸ்நானத்தை உறுதிப்படுத்தும் சடங்கான உறுதிபூசுதலும் பெற்றிருக்க வேணும். இந்த மாசியோடு அவளுக்கு 16 முடிந்தது.

2009 மாசியில், யுத்தத்தின் கடைசி மாதங்களில், மாத்தளனில் ஒரு தறப்பாளுக்குக் கீழே பிறந்தவள். பிறந்து அழவில்லை, நீலம் பாரித்துக் கிடந்தாள். சுவாமியைத் தேடி ஓட வழியில்லை. ஆபத்து நேரத்தில் ஆரும் கொடுக்கலாம் என்பது அம்மாவுக்குச் சின்ன வயதிலேயே மறைக்கல்வியில் பாடமாக்கியது. குடிக்க வைத்திருந்த அரைப் போத்தல் தண்ணீர். போத்தல் மூடியில் வார்த்து, பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்று மூன்று தரம் நெற்றியில் ஊற்றினா. மூன்றாம் மூடிக்குப் பிள்ளை வீரிட்டாள். குளிர்ந்த தண்ணிக்குத்தான் அழுதது என்று நான் சொன்னால் அம்மாவுக்கு இன்றைக்கும் கோபம் வரும்.

பிறகு முகாமுக்கு வந்த சுவாமி, என்ன தண்ணீர், என்ன சொல்லி ஊற்றினீங்கள் என்று அம்மாவைத் துருவித் துருவிக் கேட்டார். கேட்டுவிட்டு, திரும்பத் தண்ணீர் ஊற்றவில்லை. ஞானஸ்நானம் ஒருக்காத்தான். கிறிஸ்மா என்ற வாசனைத் தைலம் பூசி, வெள்ளைத் துணி போர்த்தி, மெழுகுதிரி கொளுத்தி மிச்சச் சடங்கை முடித்தார்.

மடுக் கோவிலுக்குள் நுழைந்ததும் அம்மா நேரே சுரூபத்தடிக்குத்தான் போனா. 1670 அளவில் ஒல்லாந்தருக்குப் பயந்து மாந்தையிலிருந்து 20 குடும்பங்கள் இந்தக் காட்டுக்குள் தூக்கி வந்த மாதா. 2008 சித்திரையில் செல்லடிக்குள் தேவன்பிட்டிக்குப் போய், ஆவணியில் திரும்பி வந்தவ. "எங்கட ஆள்" என்றுதான் அம்மா சொல்லுவா.

பூசை முடிந்து சடங்கு தொடங்கியது. பசாசை விட்டுவிடுகிறீர்களா, விசுவசிக்கிறீர்களா என்ற கேள்விகளுக்குத் தாய் தகப்பனோடு மகளும் பதில் சொன்னாள். ஒன்றும் அறியாத பிள்ளைக்கு இது எதற்கு, வளர்ந்து தானே கேட்டு முழுக்கு எடுக்கட்டுமே என்று எங்கள் ஊரில் புதிதாக வந்த சபைக்காரர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். இதே கேள்விகளுக்கு உறுதிபூசுதலன்று அவள் தன் வாயாலேயே பதில் சொன்னவள். ஆனாலும் மாத்தளனில் அவள் வளரட்டும் என்று காத்திருக்க எங்களுக்கு நேரம் எங்கே கிடந்தது?

சுவாமி சிப்பியால் தண்ணீர் வார்த்தார். மருமகன் அழவேயில்லை, கொட்டாவி விட்டான். "உப்பு வைக்கேல்லையே சுவாமி?" என்று அம்மா கேட்டா. முந்திப் பிள்ளையின் வாயில் உப்பு வைக்கிற வழக்கம் 1969இல் வந்த புதுச் சடங்குமுறையோடு போய்விட்டது என்றார். அம்மாவுக்குத் திருப்தியில்லை.

வெளியே வேப்பமர நிழலில் சோற்றுப் பார்சலைப் பிரித்தோம். குரங்கு ஒன்று ஒரு வாழைப்பழச் சீப்பை முழுசாகக் கொண்டுபோனது. அம்மா சாப்பிடாமல், பேரனின் உச்சந்தலையில் மூக்கை வைத்துக்கொண்டிருந்தா. கிறிஸ்மா தைலத்தில் கலந்த பரிமளத் தைல வாசம்.

"முகாமில இவளுக்கும் இதே வாசம்தான்," என்று மகளைக் காட்டினா. "மூண்டு நாள் நான் தலை முழுகவிடேல்லை."